மாசிப் பனியில் வடிந்த பற்றரி: ஒரு மொரிஸ் மைனரின் மின்கசிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலையை அடுத்த உப்புவெளியில், நிலாவெளி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு வளவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் மொரிஸ் மைனர் 1000 கார், வெள்ளிக்கிழமை ஓடிவந்து நின்றால் செவ்வாய்க்கிழமை காலையில் இயங்க மறுக்கிறது என்பதே என்னிடம் வந்த முறைப்பாடு. வெள்ளியன்று திருக்கோணேஸ்வரத்துக்கும் செவ்வாயன்று சந்தைக்கும் வங்கிக்குமாக வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே அந்தக் கார் வெளியே வரும். பதினெட்டு மாதங்களுக்குள் அதற்கு மூன்றாவது பற்றரி போடப்பட்டிருந்தது. முதலாவது பழசு என்பதற்காக மாற்றப்பட்டது. இரண்டாவது தரமற்றது என்று சொல்லி மாற்றப்பட்டது. அந்த வேளையில், பற்றரியை ஏற்றும் ஒல்டர்னேற்றரின் இருவாயித் (டயோட்) தட்டும் சந்தேகத்தின் பேரில் மாற்றப்பட்டது. அந்த வேலைகளைச் செய்தவர்களைக் குறைசொல்வது என் நோக்கமன்று. என்னுடைய முதல் முடிவும் பாதியளவுக்குத்தான் சரியாக இருந்தது. அதனாலேயே இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து எழுதிவைக்கிறேன்.

வண்டியின் பின்னணி

1950களின் பிற்பகுதியில் அதிபரின் தகப்பனார் வாங்கிய வண்டி இது. அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றைப் போல, பற்றரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்ட 'பொசிற்றிவ் எர்த்' அமைப்பிலேயே இதுவும் வந்தது. மின்னாக்கத்துக்கு லூகாஸ் டைனமோவும், அதைக் கட்டுப்படுத்த இயந்திர அறையின் பின்சுவரில் ஒரு கறுப்புப் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியின் மூடிக்குள் இரண்டு மின்காந்தச் சுருள்கள் உண்டு. ஒன்று வோல்ற்றளவைச் சீராக்கும். மற்றையது டைனமோ போதிய வேகத்தில் சுற்றும்போது மட்டும் அதைப் பற்றரியோடு இணைத்து, வேகம் தணிந்ததும் துண்டித்துவிடும். இரண்டாவது சுருளின் தொழிலை வைத்து முழுப் பெட்டியையுமே எங்கள் கராஜ்களில் 'கட்டவுட்' என்பார்கள். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

இந்த வகை டைனமோ உச்சமாக 22 அம்பியருக்கு மேல் தராது. சும்மா நின்று ஓடும்போது ஏறத்தாழ ஒன்றுமே தராது. இரவில் ஹெட்லைற்றையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டால் வெளிச்சம் மங்குவது இயல்பு. அந்த மங்கல் பொறுக்காமல், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் இடத்தில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஜப்பானியச் சிறு கார் ஒன்றின் ஒல்டர்னேற்றரைப் பொருத்தியிருந்தார்கள். ஒல்டர்னேற்றரின் இருவாயிகள் ஒரு திசையையே ஏற்பவை என்பதால், வண்டி அத்துடன் 'நெகற்றிவ் எர்த்' ஆகவும் மாற்றப்பட்டது. இந்த மாற்றம் நன்றாகவே வேலை செய்தது. பற்றரி இறங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்பதை அதிபரும் கவனித்திருந்தார். ஆகவே ஒல்டர்னேற்றரே குற்றவாளி என்று எல்லோரும் எண்ணியதில் வியப்பில்லை.

மொரிஸ் மைனரின் வயரிங் பற்றி ஒரு விடயத்தை இங்கே சொல்லவேண்டும். இன்றைய கார்களில் மின்கசிவைத் தேடுவோர் இருபது முப்பது பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்தப் பியூஸில் மின்னோட்டம் விழுகிறது என்று பார்ப்பார்கள். இந்த வண்டியில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். ஒன்று திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் பெறும் பச்சை வயர்களுக்கானது. மற்றையது எந்நேரமும் மின் நிற்கும் ஊதா வயர்களுக்கானது. ஊதா வயர்களில் ஆரம்பத்தில் இருந்தவை ஹோனும் உள்விளக்கும் மட்டுமே; பிற்காலத்தில் பூட்டிய சிறு றேடியோவின் நினைவகமும் அதில் சேர்ந்திருந்தது. ஹெட்லைற்றும் பார்க் லைற்றும் திறப்புச் சுவிட்சும் பியூஸே இல்லாத மண்ணிற வயர்களிலிருந்து மின் பெறுகின்றன. எனவே பியூஸைப் பிடுங்கித் தேடும் வழி இங்கே அரைவாசித் தூரந்தான் கொண்டுபோகும். மிச்சத்துக்கு வயரை வயராகக் கழற்றவேண்டும். லூகாஸின் நிற ஒழுங்கை மனத்தில் வைத்திருப்பவருக்கு அது பெரிய வேலையன்று. ஆனால் இந்த வண்டியில் பிற்காலத்தில் சேர்ந்த சிவப்பு வயர்கள் எல்லாம் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவை.

முதலாம் நாள்: சூடாக இருந்த பெட்டி

கார் அநுராதபுரச் சந்திக்கு அருகிலுள்ள என் கராஜுக்கு இழுத்து வரப்பட்டது. பற்றரியை இரவு முழுவதும் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தபோது 12.68 வோல்ற்று நின்றது. ஆறு அறைகளிலும் அமில அடர்த்தி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பின்னர் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் இடையில் 12 வோல்ற்று, 21 வாற்று பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தேன். மீற்றரை எடுத்தவுடன் போடாமல் முதலில் பல்பைப் போடுவது என் வழக்கம். எங்காவது முழுக் குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து அதைக் காட்டிவிடும். அதன் வழியே 1.75 அம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் வயரும் தப்பும், மீற்றரின் பியூஸும் தப்பும். பாடசாலைப் புத்தகம் 'பல்மானி' என்று அழகாகப் பெயர்சொல்லும் அந்தக் கருவியின் பியூஸை, யாரோ பழக்கதோஷத்தில் திறப்பைத் திருப்பியதால் எரித்துக்கொண்ட அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு.

பல்பு எரியவில்லை; இழை மிக மெல்லிய சிவப்புக்குக்கூட வரவில்லை. அதன் பிறகு மீற்றரை 10 அம்பியர் துளையில் இணைத்தபோது 196 மில்லி அம்பியர் காட்டியது. கணினியோ அலாரமோ இல்லாத இந்த வண்டியில், பிற்காலத்தில் பூட்டிய சிறு றேடியோவின் நினைவகத்துக்கும் ஒல்டர்னேற்றரின் இயல்பான ஒழுக்குக்குமாக 5 அல்லது 6 மில்லி அம்பியருக்கு மேல் இருக்க நியாயமில்லை. 196 மில்லி அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 4.7 அம்பியர் மணி. 45 அம்பியர் மணி கொள்ளும் பற்றரியில் நான்கு நாளைக்கு 19 போனால், அது கொஞ்சம் தளர்ந்த பற்றரியாக இருக்கும் பட்சத்தில் ஐந்தாம் நாள் ஸ்டார்ட்டரைச் சுழற்றாது. கணக்குப் பொருந்தியது, அந்தப் பொருத்தமே பின்னர் என்னை ஏமாற்றியது.

இரண்டு பியூஸ்களையும் கழற்றினேன். றேடியோவின் 4 மில்லி அம்பியரைத் தவிர வேறெதுவும் குறையவில்லை. ஒல்டர்னேற்றரின் தடித்த வயரைக் கழற்றினேன். 2 மில்லி அம்பியர்தான் குறைந்தது. புதிதாகப் போட்ட இருவாயித் தட்டில் பிழையில்லை. பழையதிலும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மீதி 190 மில்லி அம்பியரும் பியூஸுக்கு முன்னாலேயே எங்கோ போய்க்கொண்டிருந்தது. அடுத்த வயரைக் கழற்றுவதற்காகப் பின்சுவரில் கையை ஊன்றியபோது கட்டவுட் பெட்டியின் மூடி இளஞ்சூடாக இருந்தது கைக்குத் தெரிந்தது. இயந்திரம் முதல் நாளிலிருந்து ஓடவேயில்லை. பயனின்றி அலங்காரமாக விட்டுவைக்கப்பட்ட பெட்டி சூடாக இருப்பதற்கு ஒரு காரணந்தான் இருக்க முடியும்.

மூடியைத் திறந்ததும் விடயம் விளங்கியது. ஒல்டர்னேற்றரின் மின்னைப் பற்றரிக்குக் கொண்டுபோக, டைனமோவின் பழைய தடித்த வயரையே பயன்படுத்தியிருந்தார்கள். அதற்காகப் பெட்டியில் டைனமோவின் வயர் வந்து சேரும் 'டி' முனையையும் பற்றரிப் பக்கத்து 'ஏ' முனையையும் ஒரு துண்டு வயரால் பெட்டியிலேயே இணைத்திருந்தார்கள். வயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே இணைத்திருந்தால் எந்தத் தீங்கும் வந்திராது. பெட்டியின் இரண்டு சுருள்களும் 'டி' முனைக்கும் எர்த்துக்கும் இடையில் இருப்பவை. டைனமோ காலத்தில், வண்டி நின்றதும் 'டி' முனையில் மின் இருக்காது என்பதால் அவையும் ஓய்ந்துவிடும். இப்போதோ 'டி' முனை எந்நேரமும் பற்றரியோடு இணைந்திருந்தது. சுருள்கள் இரண்டு ஆண்டுகளாக ஒரு நொடியும் ஓயாமல் மின் குடித்துக்கொண்டிருந்தன. 12.6 வோல்ற்றில் 190 மில்லி அம்பியர் என்பது 2.4 வாற்று, கைக்குத் தெரிந்த இளஞ்சூடு அதுதான். அப்போதுதான் ஏற்றிய பற்றரியை இணைக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சிறு ஒலி கேட்டதும் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 13 வோல்ற்றில் கட்டவுட்டின் தகடு இழுபடும் ஒலி அது. ஒல்டர்னேற்றர் வண்டியில் கேட்கவே கூடாத ஒலி.

இன்னும் டைனமோவோடு ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய கட்டவுட்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால், பற்றரி டைனமோவை மோட்டராகச் சுழற்ற முயலும். டைனமோவின் 6 ஓம் அளவான புலச்சுருளுக்கே 2 அம்பியர் போகும், சுழலும் பகுதியான ஆமேச்சருக்கு அதைவிட மிகப் பெரிய அளவு போகும். அத்தகைய வண்டியில் பற்றரி நாட்கணக்கில் இறங்காது. மணிக்கணக்கில் இறங்கும், வயரும் மணக்கும். மூன்று நான்கு நாளில் மெல்ல இறங்கும் பற்றரிக்கு ஒட்டிய கட்டவுட்டைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

மூன்று தடித்த வயர்களையும் பெட்டியிலிருந்து எடுத்து, காவலிட்ட ஒரு முனையில் இறுக்கினேன். பழைய தோற்றம் கெடக்கூடாது என்று அதிபர் விரும்பியதால் வெறும் பெட்டியை அதே இடத்தில் விட்டேன். மீற்றர் 6 மில்லி அம்பியருக்கு இறங்கியது. வண்டியை எடுக்க வந்தபோது அதிபர், “தம்பி, ஹோனுக்கும் கொஞ்சம் தடிமன் பிடிச்சிருக்கு, அதையும் ஒருக்காப் பாருங்கோ” என்றார். ஹோனின் பின்புறத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினேன், குரல் தெளிந்தது. ஏன் கம்மியது என்று நான் யோசிக்கவில்லை. கையில் கிடைத்த ஒரு தடயத்தைத் திருகாணியால் நானே மூடிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பத்து நாள் கழித்து

இரண்டு வாரங்கள் எந்தக் குறையும் இல்லை. பின்னர் அதிபரும் மனைவியும் கொழும்பிலுள்ள மகளிடம் போய்ப் பத்து நாள் தங்கித் திரும்பியபோது, பற்றரி 11.4 வோல்ற்றில் கிடந்தது. அவர் தொலைபேசியில் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நேரம் கிடைக்கேக்க வாங்கோ” என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

6 மில்லி அம்பியர் பத்து நாளில் எடுக்கக்கூடியது ஒன்றரை அம்பியர் மணிக்கும் குறைவு. அதனால் எந்தப் பற்றரியும் படுக்காது. முதலில் பற்றரியையே சோதித்தேன். முழுமையாக ஏற்றி, 55 வாற்று ஹெட்லைற் பல்பு ஒன்றை இணைத்து, 10.5 வோல்ற்றுக்கு இறங்கும்வரை நேரம் பார்த்தேன். புதிய பற்றரி ஒன்பது மணி நேரத்துக்குக் கிட்டத் தாங்கவேண்டிய இடத்தில், ஆறே மாதமான இது ஐந்து மணி இருபது நிமிடத்தில் முடிந்துபோனது. அதாவது, 45 என்று எழுதியிருந்த பற்றரியில் உண்மையில் எஞ்சியிருந்தது 24 அம்பியர் மணியளவுதான். கார்ப் பற்றரிகள் அடிவரை வடிவதற்கென்று செய்யப்பட்டவையல்ல. வடிந்த நிலையில் கிடக்கும்போது தகடுகளில் படியும் ஈயச் சல்பேற்று இறுகி, மீண்டும் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. ஒவ்வொரு முறை படுத்தெழும்பும்போதும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். முந்திய இரண்டு பற்றரிகளும் தரமற்றவை அல்ல, கசிவினால் கொல்லப்பட்டவை. வண்டியிலிருந்து கழற்றி மேசையில் மூன்று நாள் வைத்தபோது இதன் வோல்ற்றளவு 0.02 மட்டுமே குறைந்தது. ஆகவே உள்ளுக்குள் தானாக வடியும் குறை அதில் இல்லை.

24 அம்பியர் மணி உள்ள பற்றரி பத்து நாளில் ஸ்டார்ட்டரைச் சுழற்ற முடியாதபடி இறங்கவேண்டுமானால், ஏறத்தாழ 18 அம்பியர் மணி எங்கோ போயிருக்கவேண்டும். சராசரி 75 மில்லி அம்பியர். என் கண்முன்னே மீற்றர் காட்டியது 6. நான் பார்க்காத வேளையில் ஓடி, பார்க்கும்போது நின்றுவிடும் ஒரு மின்னோட்டத்தைத் தேடவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் வழியைக் காட்டியவர் அதிபர்தான். கணிதம் படிப்பித்த மனிதர் அவர். ஏற்றிய பற்றரியை வண்டியில் பூட்டிக் கொடுத்துவிட்டு, காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வோல்ற்றளவைக் குறித்துவைக்கும்படி கேட்டேன். மூன்று இரவுகளின் கணக்கை அவர் கோடு போட்ட தாளில் அட்டவணையாகத் தந்தார்: மாலை 12.62, காலை 12.56, மாலை 12.55, காலை 12.50, மாலை 12.49, காலை 12.43. பகலில் ஏறத்தாழ இழப்பே இல்லை. போவது எல்லாம் இரவில்தான். நானோ எப்போதும் பகலில், கடலுக்கு எட்டத்தில், தகரக் கூரைச் சூட்டின் கீழ் அளந்துகொண்டிருந்தேன்.

உப்புவெளியில் ஓர் இரவு

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். நான் உப்புவெளிக்குப் போனது மாசி மாதத் தொடக்கத்தில், வாடைக்காற்றின் மழை ஓய்ந்து வானம் வெளித்திருந்த ஓர் இரவில். யுத்த மயானம் தாண்டிக் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், நான்கு தூண்களின்மேல் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் கார் நிற்கும், பக்கச்சுவர் எதுவுமில்லை. பகலில் கடற்காற்று உப்பை நேராகக் கொண்டுவந்து அதன்மேல் படியவைக்கும்.

உப்பைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டிய ஓர் எண் 75. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும்; அதற்கு மழையோ பனித்துளியோ வேண்டியதில்லை. காய்ந்த உப்பு மின்னைக் கடத்தாது. கரைந்த உப்பு நன்றாகக் கடத்தும். கடலோரத்தில் இரவு தோறும் அந்த எல்லை தாண்டப்படும். வெயில் ஏறியதும் மீண்டும் கீழே இறங்கும். ஆகவே உப்புப் படிந்த ஒரு பழைய வயர், பகலில் நல்ல வயராகவும் இரவில் பழுதான வயராகவும் இருக்கலாம்.

மீற்றரைத் தொடராக இணைத்து, அதன் வயர்களைப் பொனெற்றின் இடுக்கால் வெளியே எடுத்து, பொனெற்றை மூடிவிட்டேன். திறந்து வைத்தால் உள்ளே காற்றோட்டம் மாறி, தேடும் குறையே மறைந்துவிடலாம். விறாந்தையில் இருந்தபடி குறித்த அளவுகள் இவை: மாலை ஆறரைக்கு 6 மில்லி அம்பியர், ஒன்பதுக்கு 31, பத்தரைக்கு 88, நள்ளிரவுக்கு 150, இரண்டு மணிக்கு 196, நான்கு மணிக்கு 208. நான்குக்குப் பிறகு அது கூடவில்லை. மின்னோட்டம் கூடக்கூடக் கசியும் இடம் தன் சூட்டினாலேயே சிறிது உலர்ந்து, தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது என்பது என் கணிப்பு. 2 வாற்றுக்கு மேல் அந்த இடத்தில் வெப்பமாகிக்கொண்டிருந்தது. முதல் நாள் கராஜில் கண்ட எண்ணும் இரண்டு மணிக்குக் கண்ட எண்ணும் ஒரே 196 ஆக இருந்தது தற்செயல்தான். என்றாலும் அந்த நேரத்தில் சற்றுத் திடுக்கிடத்தான் வைத்தது.

நாலேகாலுக்கு அதிபரின் மனைவி பிளேன்ரீயோடு வந்தபோது பொனெற்றைத் திறந்து தேடத் தொடங்கினேன். இம்முறை ஊதா வயர்களின் பியூஸைக் கழற்றியதும் மீற்றர் 2க்கு விழுந்தது. அப்படியானால் ஹோன் அல்லது உள்விளக்கு. பியூஸை மீண்டும் போட்டு, உள்விளக்கின் பல்பைக் கழற்றினேன்; மாற்றமில்லை. ஹோனுக்கு வரும் இரண்டு வயர்களில், மின் கொண்டுவரும் ஊதா வயரை விட்டுவிட்டு, ஹோனிலிருந்து பொத்தானுக்குப் போகும் ஊதாவும் கறுப்புமான வயரை மட்டும் கழற்றினேன், கசிவு நின்றது. குறை ஹோனில் இல்லை. ஹோனுக்கு அப்பால், பொத்தானுக்குப் போகும் வழியில் இருந்தது.

ஹோன் ஏன் ஒலிக்கவில்லை என்ற கேள்வி இங்கே எழும். இந்த வண்டியில் ஹோனுக்கு எந்நேரமும் மின் நிற்கிறது. பொத்தானை அமர்த்தும்போது மறுமுனை எர்த்தோடு இணைகிறது. பொத்தானுக்குப் போகும் வயர் இடையில் முழுமையாக உடலைத் தொட்டால் ஹோன் ஓயாமல் அலறி ஊரை எழுப்பிவிடும். ஆனால் அது ஐம்பது அறுபது ஓம் தடையுள்ள ஈர உப்பின் ஊடாகத் தொட்டால், 0.2 அம்பியர்தான் ஓடும். பல அம்பியர் கிடைத்தால் மட்டுமே அதிரும் ஹோன், அந்த 0.2 அம்பியரைச் சத்தமில்லாமல் கடத்திக்கொண்டிருக்கும். விளக்கு எரிவதில்லை, ஒலி வருவதில்லை, பியூஸ் போவதில்லை. இதைவிட அமைதியான கசிவை நான் கண்டதில்லை.

கழற்றிய வயருக்கும் உடலுக்கும் இடையிலான தடையை அளந்தபோது 48 ஓம் காட்டியது. மீற்றரின் முனைகளை மாற்றிப் பிடித்தபோது 71 காட்டியது. பிடித்துக்கொண்டிருக்கும்போதே எண் நகர்ந்தது. உலோகம் உலோகத்தைத் தொடும் குறையில் இப்படி நடக்காது. எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவுதான் வரும். திசை மாறினால் அளவு மாறுவது, இடையில் இருப்பது மின்பகுபொருள், அதாவது ஈர உப்பு, என்பதற்கு நல்ல அடையாளம். காலை ஒன்பதரைக்கு அதே இடத்தை அளந்தபோது தடை ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிட்டிருந்தது. வயரை மீண்டும் பூட்டிப் பார்த்தபோது மீற்றர் 7 மில்லி அம்பியர்தான் காட்டியது. நான் வழமைபோலப் பத்து மணிக்கு வந்திருந்தால், குறையே இல்லாத வண்டி என்று மீண்டும் சொல்லியிருப்பேன்.

துணி நாடாவின் கீழ்

ஸ்டியரிங் குழாயோடு சேர்ந்து இறங்கும் அந்த வயரை, எப்போதோ வர்ணம் பூசிய காலத்தில் யாரோ குழாயோடு சேர்த்துப் பருத்தித் துணி நாடாவால் ஓரடி நீளத்துக்குச் சுற்றியிருந்தார்கள். நாடா இயந்திர அறைப் பக்கத்தில், முன்சில்லு வாரியடிக்கும் ஈரத்துக்கும் எட்டும் இடத்தில் இருந்தது. அதை வெட்டி விரித்தபோது, உட்புறம் முழுவதும் பச்சை படிந்திருந்தது. வயரின் ரப்பர் காவல் சுருங்கி, விரல் நுனியால் தொட்டாலே உதிரும் அளவுக்கு வெடித்திருந்தது. உள்ளே செம்பு இழைகளில் அரைவாசிக்கு மேல் அரிபட்டுப் போயிருந்தன. ஹோனின் 'தடிமனுக்கு' அதுதான் காரணம். மெலிந்த வயரால் போதிய மின்னோட்டம் போகவில்லை. நானோ வயரை விட்டுவிட்டுத் திருகாணியைத் திருப்பியிருந்தேன்.

அறுபது ஆண்டுக்கு மேலாக இதே கடற்காற்றில் நின்ற வண்டியில் இந்தக் குறை ஏன் இப்போது வந்தது? ரப்பர் முதுமையடைந்தது ஒரு காரணம். மற்றையது, என் பார்வையில், முனை மாற்றம். ஈர உப்பின் ஊடாக மின் கசியும்போது நேர்முனைப் பக்கமுள்ள உலோகமே கரையும். பொசிற்றிவ் எர்த் காலத்தில் இந்த வயர் எதிர்முனைப் பக்கத்தில் இருந்தது; கசிவு இருந்திருந்தாலும் கரைந்திருக்கக்கூடியது தடித்த இரும்புக் குழாய்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவில். நெகற்றிவ் எர்த் ஆக மாற்றிய நாளிலிருந்து மெல்லிய செம்பு இழைகள் நேர்முனையாகின. கரைந்த செம்பு பச்சை உப்பாக நாடாவில் ஊறி, கசியும் பாதையை மேலும் அகலமாக்கியது. ஒல்டர்னேற்றர் பூட்டியபின்தான் பற்றரி இறங்கத் தொடங்கியது என்று எல்லோரும் சொன்னது உண்மையே; ஆனால் ஒல்டர்னேற்றர் மட்டும் எதுவும் செய்யவில்லை. அதோடு வந்த இணைப்பொன்றும் முனை மாற்றமும் சேர்ந்து, பகலும் இரவும் ஒரு கசிவையும் இரவில் மட்டும் இன்னொரு கசிவையும் உண்டாக்கின. இரண்டும் சேர்ந்திருந்தபோது ஒரு நாளைக்கு ஆறரை அம்பியர் மணி போயிருக்கவேண்டும். பெரியதை நிறுத்தியதும் சிறியது பத்து நாள் காத்திருக்கவேண்டியதாயிற்று.

திருத்தமும் சரிபார்ப்பும்

பொத்தானிலிருந்து ஹோன்வரை புதிய வயர் இழுத்து, பிளாஸ்டிக் குழல் அணிவித்து, குழாயைத் தொடாதபடி ரப்பர் பிடிகளில் நிறுத்தினேன். அதற்கு முன்பு ஸ்டியரிங் குழாயையும் அதைச் சுற்றிய தகட்டையும் நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவி, வெயிலில் உலரவிட்டேன். எண்ணெய்த் தெளிப்பான்களை அடிப்பதோடு நிறுத்திக்கொள்வோர் பலர். உப்பு எண்ணெயில் கரையாது, எண்ணெயின் கீழ் அப்படியே இருக்கும். தண்ணீர்தான் அதைக் கொண்டுபோகும்.

பற்றரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைப் பூட்டினால் போதாதா என்று அதிபர் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார். பூட்டியிருந்தால் பற்றரி தப்பியிருக்கும். வயரும் கரைந்திராது என்றே வைத்துக்கொண்டாலும், காவல் உதிர்ந்த வயர் ஸ்டியரிங் குழாயில் அப்படியே கிடந்திருக்கும். நீண்ட நாள் நிற்கும் வண்டிக்கு அந்தச் சுவிட்ச் நல்லதுதான். கசிவைக் கண்டுபிடித்த பிறகு பூட்டவேண்டும் என்பது என் நிலைப்பாடு. இப்போது அதையும் பூட்டியிருக்கிறேன்.

சரிபார்ப்புக்காக மீண்டும் ஓர் இரவு உப்புவெளியில் இருந்தேன். பொனெற்றின்மேல் விரலால் எழுதக்கூடிய அளவுக்குப் பனி இறங்கிய இரவு அது. மாலை 6 மில்லி அம்பியர், அதிகாலை நான்கு மணிக்கும் 6. பின்னர் புதிய பற்றரி ஒன்றைப் பூட்டி, துண்டிக்கும் சுவிட்சைப் பயன்படுத்தாமல், வண்டியை 14 நாள் அசையாமல் நிறுத்திவைத்தோம், 12.66இல் தொடங்கியது 12.60இல் முடிந்தது. அதிபரின் அட்டவணையில் இம்முறை இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை இயந்திரம் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஒழுங்கை முகப்பில் அதிபர் ஹோனை அமர்த்தினார். முழு மின்னோட்டமும் கிடைத்த ஹோன், நான் முன்பு திருப்பிவிட்ட கால் சுற்றோடு சேர்ந்து கரகரத்துக் கத்தியது. இறங்கிப் போய்த் திருகாணியைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன்.